இயக்க வானொலிகளை யார், எதற்காகக் கேட்டார்கள்?

தாள்பொறுக்கி எழுதியது:

வேறு ஏதோ தேடிப் பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரல் நிலையத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்ட செய்தி கண்ணில் பட்டது. இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் உரை ஒலிபரப்பாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நடந்திருக்கிறது. அறிவிப்பாளர் இசைவிழி செம்பியன் உட்பட நிலையத்தில் வேலை பார்த்த மூன்று பேரும், அக்கம்பக்கத்தில் இருந்த பொதுமக்களும் இறந்திருக்கிறார்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு கண்டித்தது, யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் கண்டித்தார், அரசுத் தரப்போ அது புலிகளின் பிரச்சார நிலையம் என்றது.

எனக்கு இருக்கும் கேள்வி கொஞ்சம் அப்பாவித்தனமானது. நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவன், போருக்குள் இருந்ததில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் கையிலேயே மைக்கும் இருந்தால் அதில் வருவது அவனுடைய புகழ்தானே? தோற்றோம் என்று எந்த இயக்கமாவது சொல்லுமா? அப்படியும் மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால் அது பயத்திலா, பாசத்திலா, வேறு போக்கில்லாமலா? கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

வடலி எழுதியது:

சண்டை வேண்டாம் என்று தொடங்கிய இழை எதுவும் சண்டையில்லாமல் முடிந்ததாக எனக்கு நினைவில்லை தம்பி. சரி, கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

90களின் தொடக்கம், யாழ்ப்பாணம். கரண்ட் இல்லை. பற்றரி அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருந்தது, கள்ளமாக வந்தாலும் விலை வாயில் வைக்க ஏலாது. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ பாடும். சுற்றுவது வீட்டில் சின்னப் பிள்ளையின் வேலை, அதாவது என்னுடையது. கை ஓய்ந்தால் குரல் மங்கிப் போகும், உடனே உள்ளே இருந்து "டேய், சுத்தடா" என்று சத்தம் வரும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்பார். பின்னேரம் புலிகளின் குரல், பிறகு பிபிசி தமிழோசை, மணிலாவில் இருந்து வரும் வெரித்தாஸ், இடையில் கொழும்புச் செய்தி. "ரெண்டு பேர் சொல்லுறதையும் கூட்டி ரெண்டாலை பிரி" என்பது அவருடைய கணக்கு. ஆகவே நாங்கள் சொன்னதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைக்காதீர்கள். எத்தனை ஆமி செத்தான் என்று அவர்கள் சொன்ன எண்ணிக்கையை எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படியே எடுத்ததில்லை.

ஆனால் ஒன்றை நம்பினோம். செத்த போராளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். பதவி, இயக்கப் பெயர், "என்று அழைக்கப்படும்", பிறகு "இன்ன இடத்தை நிரந்தர முகவரியாகவும் இன்ன இடத்தைத் தற்காலிக முகவரியாகவும் கொண்ட", அதற்குப் பிறகுதான் வீட்டில் வைத்த பெயர். வீட்டுக்காரருக்கு இயக்கப் பெயர் தெரியாது. அதனால் முதலில் வரும் பெயர் ஒரு சத்தம் மட்டும்தான். ஊர்ப் பெயர் வந்ததும் அடுப்படியில் அம்மாவின் கை நிற்கும். ஊர் எங்கள் ஊராக இருந்தால் சொந்தப் பெயர் வரும் வரைக்கும் ஒரு மூச்சு நேரம். அந்த நேரத்தில் நான் சுற்றுவதை நிறுத்தினால் கொன்றுபோடுவார்கள்.

தோல்வியைச் சொல்லுமா என்று கேட்டீர்கள். 1991இல் ஆனையிறவு முகாமைப் பிடிக்கப் போய் அவர்களால் முடியவில்லை. தங்கள் பக்கத்தில் 500க்கு மேல் இறந்ததாக அவர்களே சொன்னார்கள். தோற்றோம் என்ற சொல் வரவில்லை, அது வேறு விஷயம். பட்டியலின் நீளம் சொல்லிவிட்டது.

சிற்றலைக்காரன் எழுதியது:

டைனமோ பற்றி ஒரு சின்னத் திருத்தம் இல்லை, கூடுதல் தகவல். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ட் மாறுதிசை மின்சாரம். நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் ஊளைதான் கேட்கும். நாலு டயோட்டை வைத்து நேர்மின்னாக்கி, ஒரு கெப்பாசிட்டரைக் குறுக்கே போட்டால்தான் பேச்சு தெளிவாக வரும். அந்தக் காலத்தில் பழைய றேடியோக்களைக் கழற்றி டயோட் எடுத்துக் கொடுக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு வானொலியை மக்கள் வேண்டாவெறுப்பாகக் கேட்டார்களா, வேண்டிக் கேட்டார்களா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அதற்காக எவ்வளவு பாடுபட்டார்கள் என்று பார்ப்பேன். அல்ஜீரியாவைப் பாருங்கள். 1956 டிசம்பரில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய விடுதலை முன்னணியின் வானொலி தொடங்கியது. அதுவரை வானொலிப் பெட்டியைப் பிரெஞ்சுக்காரன் சாமான் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் ஓடிப்போய் வாங்கினார்கள். பிரெஞ்சு அரசு பெட்டி விற்பனைக்கும் பேட்டரி விற்பனைக்கும் கட்டுப்பாடு போட்டது, அலைவரிசையை இரைச்சலால் மூடியது. அந்த முன்னணியோடு சேர்ந்திருந்த எழுத்தாளர் ஃபனோன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒருவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வார், பாதி கேட்காது, கேட்காத பாதியை அறையில் இருந்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். இரைச்சல் அதிகமானால் நிலையத்துக்கு நட்டம் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. தெளிவாகக் கேட்டிருந்தால் அந்தப் பேச்சு இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கடைசிவரிசை எழுதியது:

வடலி அண்ணை எழுதியதை வாசித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் அதையே மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெயர்ப் பட்டியல்தான் இருந்ததிலேயே பெரிய பிரச்சாரம். படையினர் சாவின் எண்ணிக்கையை உங்கள் அப்பா இரண்டால் வகுத்தார், சரி. பட்டியலை அவர் வகுக்கவில்லையே. நம்பிக்கை அங்கேதான் சேர்ந்தது, சேர்ந்த நம்பிக்கையில் மற்றதெல்லாம் சவாரி செய்தது. சோக இசை, வீரச்சாவு என்ற சொல், அடுத்து எழுச்சிப் பாட்டு, அடுத்த தெருவில் ஆள்சேர்ப்பு மேடை. பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்கு அந்த வரிசை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் இன்னொரு பட்டியலும் இருந்தது. "துரோகி" என்று சுடப்பட்டவர்கள். அவர்களுக்கு நிரந்தர முகவரியும் தற்காலிக முகவரியும் வாசிக்கப்பட்டதா? கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கொரு ஆள் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனபோது, தறப்பாளுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்களே பெற்றோர், அது எந்தச் செய்தியறிக்கையில் வந்தது?

வடலி எழுதியது:

வரவில்லை. நான் மறுக்கவும் இல்லை. நீ சொன்ன இழுத்துக்கொண்டு போனதில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

தூரதேசம் எழுதியது:

தாள்பொறுக்கியின் கேள்விக்கு வேறொரு நாட்டிலிருந்து பதில் சொல்லலாமா? எல் சால்வடோர். கெரில்லாக்களின் ரேடியோ வென்செரேமோஸ் 1981 ஜனவரியில் மொராசான் மலைப்பகுதியில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் எல் மொசோத்தே என்ற கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ராணுவத்தின் அட்லாகாட்டில் படைப்பிரிவு ஆயிரத்தை ஒட்டிய பேரைக் கொன்றது, பெரும்பாதி குழந்தைகள். தப்பிய ருஃபினா அமாயா என்ற பெண் நடந்ததைச் சொன்னார். முதலில் உலகத்துக்குச் சொன்னது அந்த வானொலிதான்.

யார் நம்பினார்கள்? கெரில்லா வானொலி வேறு எதைச் சொல்லும் என்றார்கள். 1982 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் இரண்டு பெரிய நாளிதழ்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதிய பிறகும், படுகொலை நடந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்க வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. 1992இல் அர்ஜென்டினத் தடயவியல் குழு மண்ணைத் தோண்டி எலும்புகளை எடுத்தது. பதினோரு வருஷம். செய்தி உண்மை, சொன்ன வாய்தான் தப்பான வாய்.

அந்தப் படைப்பிரிவின் தளபதி டொமிங்கோ மொன்டெரோசாவுக்கு இந்த வானொலியைப் பிடித்தே தீர வேண்டும் என்று வெறி. அது கெரில்லாக்களுக்கும் தெரியும். 1984 அக்டோபரில் ஒரு ஒலிபரப்புக் கருவிக்குள் வெடிமருந்தை வைத்து, தற்செயலாக விட்டுப்போனது போல விட்டார்கள். வெற்றிச் சின்னமாக ஹெலிகாப்டரில் ஏற்றினார், வானத்தில் வெடித்தது. ஆக, "வானொலி ஆயுதமா" என்று கேட்டால் எல் சால்வடோரில் ஒரு தடவை அது நேர்ப்பொருளிலேயே ஆயுதமாக இருந்தது. கசப்பான வேடிக்கை.

தாள்பொறுக்கி எழுதியது:

எல் மொசோத்தே விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் நீங்கள் எல்லோரும் வசதியான உதாரணமாகவே எடுக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. ருவாண்டாவை ஏன் யாரும் தொடவில்லை? 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்டிஎல்எம் என்ற வானொலி. பெயருக்குத் தனியார் நிலையம், பின்னால் ஆளும் வட்டாரத்து ஹுட்டு தீவிரவாதிகள். அடுத்த ஏப்ரலில் டுட்ஸி இனத்தவரைக் கொல்வது தொடங்கியதும் இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறார், இன்ன எண் கொண்ட காரில் போகிறார் என்று வாசித்தார்கள். அங்கேயும் பெயர்ப் பட்டியல்தான் வடலி அண்ணா. செத்தவர் பெயர் இல்லை, சாக வேண்டியவர் பெயர்.

அந்த நிலையத்தையும் மக்கள் விரும்பித்தான் கேட்டார்கள். அரசு வானொலி சாமியார் மாதிரிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் நல்ல காங்கோ பாட்டுப் போட்டார்கள், ஜோக் அடித்தார்கள், கேட்பவர்களோடு அரட்டை அடித்தார்கள். சிற்றலைக்காரன் சொல்லும் "பாடுபட்டுக் கேட்டார்களா" என்ற அளவுகோல் இங்கே எங்கே நிற்கிறது?

சிற்றலைக்காரன் எழுதியது:

நிற்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு விரும்பினார்கள் என்று மட்டும்தான் அது அளக்கும், எதை விரும்பினார்கள் என்று சொல்லாது.

சட்டப்புள்ளி எழுதியது:

இழையைத் தொடங்கியவர் சட்டம் கேட்கவில்லை, ஆனால் ருவாண்டா வந்துவிட்டதால் இரண்டு வார்த்தை.

பொய் சொன்னதற்காகவோ தன் தரப்பைப் புகழ்ந்ததற்காகவோ ஒரு நிலையத்தைக் குண்டு போட முடியாது. அது ராணுவச் செயலுக்கு உண்மையில் உதவுகிறதா, அதை அழிப்பதால் திட்டவட்டமான ராணுவ ஆதாயம் உண்டா என்பதுதான் கேள்வி. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை, 52ஆம் பிரிவு. இலங்கை அந்த நெறிமுறையில் சேரவில்லை, அது நாடுகளுக்கிடையிலான போருக்கானது என்றும் சொல்வார்கள். ஆனால் இந்த விதி வழக்காற்றுச் சட்டமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது, உள்நாட்டுப் போருக்கும் சேர்த்து. 1999 ஏப்ரல் 23 அன்று நேட்டோ பெல்கிரேடில் செர்பிய அரசுத் தொலைக்காட்சியைத் தாக்கி 16 ஊழியர்கள் இறந்தபோது இதே வாதம் வந்தது. பிரச்சாரத்தை நிறுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் தாக்குதல் சட்டப்படி நிற்பது சந்தேகம் என்று யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான ஹேக் தீர்ப்பாயத்தின் ஆய்வுக் குழு எழுதியது. எழுதிவிட்டு விசாரணை தேவையில்லை என்றும் முடித்தது, அது வேறு கதை.

இன அழிப்புக்குத் தூண்டுவது தனிக் குற்றம், அதற்குக் குண்டு பதில் இல்லை, நீதிமன்றம்தான் பதில். ஆர்டிஎல்எம் பின்னணியில் இருந்தவர்களுக்கு 2003 டிசம்பரில் அருஷாவில், ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில், தீர்ப்பு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பர்க் விசாரணையில் நாஜி வானொலி வர்ணனையாளர் ஃபிரிட்ஷே விடுதலையானார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், கோடு எவ்வளவு மெல்லியது என்று புரியும்.

இன்னொன்று, ராணுவத்தார் முதலில் போய் நிற்பது எப்போதுமே நிலையத்தின் வாசலில்தான். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் சண்டையைத் தொடங்கியபோது முதல் வேலையாகச் செய்தது தாவடியில் புலிகளின் வானொலி நிலையத்தையும் கொக்குவிலில் தொலைக்காட்சி நிலையத்தையும் பிடித்து, இரண்டு பத்திரிகைகளின் அச்சகங்களை உடைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை.

தூரதேசம் எழுதியது:

உடைத்து என்ன பயன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கதேச விடுதலைப் போரின் வானொலியான ஸ்வாதீன் பங்ளா பேதார் 1971 மார்ச் 26 அன்று சிட்டகாங் பக்கத்தில் காலுர்காட்டில் தொடங்கியது, நாலே நாளில் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்டன. மே 25 முதல் கல்கத்தாவிலிருந்து 50 கிலோவாட் ஒலிபரப்பியோடு திரும்ப வந்துவிட்டது. 2006 போரில் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தின் அல்மனார் தொலைக்காட்சிக் கட்டடத்தை இஸ்ரேல் தரைமட்டமாக்கியது, ஒளிபரப்பு சில நிமிஷம்தான் நின்றது. 2007 நவம்பர் 27 அன்றும் உரை ஒலிபரப்பானது.

வயிற்றில் அடித்தால்தான் நிற்கும். புலிகளின் தொலைக்காட்சி இன்டெல்சாட் செயற்கைக்கோளில் காலியாக இருந்த இடத்தில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தது, 2007 ஏப்ரலில் அந்த நிறுவனம் கதவைச் சாத்தியது. ஒரு குண்டும் செலவாகவில்லை.

புத்தளம்77 எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். புலிகளின் குரல் தொடங்கியது 1990 நவம்பர் 21. அதற்கு மூன்று கிழமை முன்னால், ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வர வேண்டும் என்று தெருத் தெருவாக வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். போனவர்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள், வீட்டை விட்டுப் போக.

எங்கள் ஆட்களுக்கு இயக்கத்தின் ஒலிபரப்பு என்றால் அந்த ஒலிபெருக்கிதான். அதற்கு டைனமோ சுற்றத் தேவையிருக்கவில்லை, தானாக வீட்டுக்குள் வந்தது. என் உம்மா கடைசி வரைக்கும் தேர்தல் வாகனத்தின் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். பிறகு தொடங்கிய வானொலியில் எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்க நாங்கள் அங்கே இருக்கவில்லை. பெயர்ப் பட்டியல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: எழுபதாயிரத்துக்கு மேல் போனோம் வடக்கிலிருந்து, யாரும் பெயர் வாசிக்கவில்லை.

நிர்வாகி எழுதியது:

மேலே உள்ள பதிவுக்குக் கீழே வந்த இரண்டு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். யார் எழுதியது என்று எழுதியவர்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை வந்தால் கணக்கே போய்விடும்.

கடைசிவரிசை எழுதியது:

நன்றி நிர்வாகி. புத்தளம்77, நீங்கள் எழுதியதற்கும் நன்றி, இதை எழுத இங்கே எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று தெரிகிறது.

வடலி எழுதியது:

புத்தளம் தம்பிக்கு: நான் அப்போது சின்னப் பிள்ளை, அந்த வாகனம் எங்கள் தெருவால் வரவில்லை. எங்கள் வகுப்பில் இரண்டு கதிரை காலியானது. ஏன் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, பின்னேரம் நான் சுற்றிய றேடியோவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றுப் பாதியில் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு இரண்டு பெடியன்கள். மூத்தவன் தானாக இயக்கத்துக்குப் போனவன், 1991இல் அவன் பெயரை றேடியோ வாசித்தது. நான்தான் சுற்றினேன். இயக்கப் பெயர் வந்தபோது பெரியம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், ஊர் வந்தபோதும் புடைத்தார், தற்காலிக முகவரி வந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டார், அது எங்கள் வீட்டு முகவரி.

இளையவனை 2008 கடைசியில் வன்னியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசிவரிசை சொன்ன மாதிரித்தான், பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்து, தண்ணீர் எடுக்க வெளியே வந்த இடத்தில். 2009 ஜனவரியில் கிளிநொச்சி போனது, மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அவன் பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை. அரசாங்கமும் அவனைக் கண்டதாகச் சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் போனவர்களின் தாய்மார் கந்தசுவாமி கோயிலடியில் உட்காரத் தொடங்கினார்களே, அங்கே படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மாவும் போய் இருந்தார்.

நான் போன் எடுத்தால் மூத்தவனைப் பற்றிக் கதைக்கும்போது "அவன் செத்த வருஷம்" என்பார். இளையவனைப் பற்றிக் கதைக்கும்போது "அவன் சாப்பிடுறானோ தெரியாது" என்பார்.

சிற்றலைக்காரன் எழுதியது:

அண்ணை, அந்தப் பழைய பட்டியல்களின் ஒலிநாடா யாரிடமாவது இருக்குமா? கசெட்டாக இருந்தால் பூஞ்சணம் பிடிப்பதற்கு முன் மாற்றிவிடலாம், நான் செய்து தருகிறேன். தபால் செலவு மட்டும் போதும், அதுவும் வேண்டாம்.

வடலி எழுதியது:

எங்களிடம் இல்லை. கசெட்டில் பிடிக்கிற அளவுக்கு யார் தம்பி சுற்றுவது?